ஹெடர் "இல்ல"ன்னா ஏன் இல்லன்னும் சொல்லணும்ல: ஆட்டோகான்ஃப், சிமேக், மெசான் மூணுக்கும் ஒரு ரிவ்யூ

இந்த மூணும் சி ப்ராஜெக்ட்ட பில்ட் பண்றதுக்கு மெஷின தயார் பண்ற டூலுங்க. தீர்ப்ப மொதல்லயே சொல்லிடறேன், அவசரத்துல இருக்கறவங்க படிச்சிட்டு கெளம்பலாம். புதுசா ப்ராஜெக்ட் ஆரம்பிக்கறீங்கன்னா மெசான். பழைய ப்ராஜெக்ட்ட மெயின்டெய்ன் பண்றீங்கன்னா ஆட்டோகான்ஃப்ப திட்டிக்கிட்டே அதுலயே இருங்க, ஒண்ணும் கெட்டுப்போயிடாது. சிமேக் மத்த எத்தனையோ வேலைக்கு நல்ல டூல்தான், ஆனா நான் இங்க எடுத்துக்கற இந்த ஒரு வேலையில அது கடைசி பெஞ்ச்.

அந்த ஒரு வேலை என்னன்னா ஹெடர் கண்டுபுடிக்கறது, அதாவது கோடு இன்க்ளூட் பண்ற அந்த .ஹெச் ஃபைல் மெஷின்ல இருக்கான்னு பாக்கறது. சி ப்ராஜெக்ட் எதையாவது சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்ணினவங்க எல்லாருக்கும் தெரியும், கான்ஃபிகர் பண்ணும்போது ஸ்க்ரீன்ல வரிசையா ஓடும், அந்த ஹெடர் இருக்கா யெஸ், இந்த ஹெடர் இருக்கா நோ, யாரும் அத படிக்கறதே இல்ல. டூல் ஃபாஸ்ட்டா, சின்டாக்ஸ் அழகா இருக்காங்கறத பத்தி நெட்ல ஆயிரம் பேர் அடிச்சிக்கிட்டாச்சு. அந்த "நோ" தப்பான நோவா இருந்தா நமக்கு எப்படி தெரியும்ங்கறத யாரும் பெருசா எழுதல, அதான் இத எழுதறேன்.

ஏன் இது முக்கியம்னா ஹெடர் செக் தப்பா போனா பில்ட் உடையாது. அதான் இதுல வர்ற பெரிய வில்லங்கம். உடைஞ்சாவாவது பாத்து சரி பண்ணலாம். ஹெடர் இல்லன்னு டூல் முடிவு பண்ணிட்டா, செக் பதில எல்லாம் அது எழுதிவெக்கற கான்ஃபிக்.ஹெச் ஃபைல்ல "இந்த ஹெடர் இருக்கு"ன்னு சொல்ற ஹேவ்_ மேக்ரோ வராது, கோடுல இஃப்டெஃப் போட்ட பகுதி அப்படியே காணாம போயிடும், கம்பைல் சுத்தமா முடியும், டெஸ்ட்டும் பாஸ் ஆகும். ஆறு மாசம் கழிச்சு ஒருத்தர் வந்து "க்ராஷ் ஆனா பேக்ட்ரேஸ் வரலயே"ன்னு கேப்பாரு, அப்பதான் தெரியும் எக்ஸெக்இன்ஃபோ.ஹெச் நோன்னு போயிருக்குன்னு.

இந்த நோவுல மூணு தினுசு இருக்கு. ஃபைல் நெஜமாவே சிஸ்டத்துல இல்ல, அது ஒண்ணு. ஃபைல் இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி வேற ஒரு ஹெடர இன்க்ளூட் பண்ணாத்தான் கம்பைல் ஆகும், அது ரெண்டாவது. ஹெடர்ல ஒரு கோளாறும் இல்ல, நாம குடுத்த ஃப்ளாக்னால கம்பைலரே எதக் குடுத்தாலும் திருப்பி அனுப்புது, அது மூணாவது. மெடிக்கல் ஷாப்ல ஒரு மாத்திரை பேர சொல்லிக் கேக்கறோம், கடைக்காரர் "இல்ல"ங்கறார், ஸ்டாக் இல்லையா, டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டாரா, இல்ல அன்னிக்கு கடையே மூடற நேரமான்னு நமக்கு தெரியாது, அதே கததான். மூணுக்கும் மருந்து வேற வேற, ஆனா ஸ்க்ரீன்ல வர்றது ஒரே நோ.

ஆட்டோகான்ஃப்ல இருந்து ஆரம்பிக்கலாம். 1991ல டேவிட் மெக்கன்சி ஆரம்பிச்சது, குனு டூல், எம்4 மேக்ரோவ ஷெல் ஸ்க்ரிப்ட்டா மாத்தும், அந்த ஸ்க்ரிப்ட்ட தொறந்து பாத்தவங்க மறுபடி தொறக்க மாட்டாங்க. ஆனா ஹெடர் செக் ரொம்ப சிம்பிள். கான்ஃப்டெஸ்ட்.சின்னு ஒரு குட்டி ஃபைல் எழுதும், அதுல அந்த ஹெடர இன்க்ளூட் பண்ணும், கம்பைலர்கிட்ட குடுக்கும், பாஸ் ஆனா யெஸ், ஃபெயில் ஆனா நோ. அவ்ளோதான்.

ரெண்டாவது தினுசு நோவுக்கு பேர் போன உதாரணம் நெட்/இஃப்.ஹெச். மேக்ல, அதாவது டார்வின்ல, இதுக்கு முன்னாடி சிஸ்/சாக்கெட்.ஹெச் வேணும்னு ஆட்டோகான்ஃப் மேனுவல்லயே எழுதிவெச்சிருக்காங்க. பழைய ஆட்டோகான்ஃப் இந்த மாதிரி கேஸ்ல ப்ரீப்ராசஸர், கம்பைலர் ரெண்டுகிட்டயும் தனித்தனியா கேக்கும். ரெண்டும் ஒத்துப்போகலன்னா வார்னிங் வரும்: ஃபைல் இருக்கு ஆனா கம்பைல் ஆகல, முன்னாடி வரவேண்டிய ஹெடர் எதையாவது விட்டுட்டீங்களான்னு பாருங்க, மேனுவல்ல இந்த செக்ஷன படிங்க. நாலஞ்சு வரி வரும், எல்லாரும் எரிச்சலாவாங்க. 2020 டிசம்பர்ல வந்த 2.70 வெர்ஷன்ல அத தூக்கிட்டாங்க, இப்ப கம்பைலர் சொல்றதுதான் பதில். லாஜிக்கா பாத்தா அது சரி, கம்பைல் ஆகாத ஹெடர் இருந்து என்ன பிரயோஜனம். ஆனாலும் எனக்கு இதுல ஒரு வருத்தம் இருக்கு. மொத தினுசு நோவையும் ரெண்டாவது தினுசு நோவையும் ஆட்டோகான்ஃப் ஸ்க்ரீன்லயே பிரிச்சு சொன்ன ஒரே இடம் அந்த எரிச்சல் வார்னிங்தான்.

மருந்து என்னவோ சுலபம். ஏசி_செக்_ஹெடர்ஸ் மேக்ரோவுக்கு நாலாவதா ஒரு ஆர்க்யுமென்ட் இருக்கு, பாதி பேர் அத தொட்டதே கெடையாது. மொதல்ல சிஸ்/சாக்கெட்.ஹெச்ச செக் பண்ணிடணும், அப்பறம் நெட்/இஃப்.ஹெச் செக்ல நாலாவது இடத்துல, ஹேவ்_சிஸ்_சாக்கெட்_ஹெச் இருந்தா சிஸ்/சாக்கெட்.ஹெச்ச இன்க்ளூட் பண்ணுன்னு எழுதணும். செக் பண்ற ஆர்டர் முக்கியம், மாத்திப்போட்டா வேலைக்கு ஆகாது. சுத்தி சதுர ப்ராக்கெட் ரெண்டு அடுக்கா போடுங்க, இல்லன்னா எம்4 உங்க கோட மென்னு துப்பிடும்.

இப்ப ஆட்டோகான்ஃப்ப ஏன் தலைக்கு மேல தூக்கிவெச்சு ஆடறேன்னா, கான்ஃபிக்.லாக். நெஜமாவே இதுக்கு ஒரு சலாம் போடலாம். டெர்மினல்ல நோன்னு வந்ததும் இந்த ஃபைல தொறந்து அந்த ஹெடர் பேர தேடுங்க. செக் பண்ணறேன்னு ஒரு வரி இருக்கும், கீழ எந்த கமாண்ட ஓட்டிச்சோ அது ஃப்ளாக்கோட ஒரு எழுத்து விடாம இருக்கும், அதுக்கு கீழ கம்பைலர் கத்தின எரர், அதுக்கு கீழ எக்ஸிட் கோட், அப்பறம் ஃபெயிலான ப்ரோக்ராம் இதுதான்னு முழு சி கோடும் ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஒரு செங்குத்து கோடு போட்டு இருக்கும். அத காப்பி பண்ணி தனி ஃபைல்ல போட்டு, அதே கமாண்ட கையால ஓட்டிப்பாக்கலாம். எரர்ல "அப்படி ஒரு ஃபைலே இல்ல"ன்னு இருந்தா மொத தினுசு, போய் அந்த ஹெடர் வர்ற டெவ் பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணுங்க. ஸ்ட்ரக்ட் சாக்அட்ரஸ் முழுசா இல்லங்கற மாதிரி ஏதாவது இருந்தா ரெண்டாவது தினுசு. ஹெடருக்கு சம்பந்தமே இல்லாம வார்னிங்க எரரா மாத்தி கத்திச்சுன்னா மூணாவது. ஃபைல் கடைசில கேஷ் வேரியபிள் எல்லாம் வரிசையா இருக்கும், ஆரம்பத்துல கான்ஃபிகர எந்த ஆப்ஷனோட ஓட்டினாங்கங்கறதும் இருக்கும். முப்பது வருஷத்து பழைய டூல் குடுக்கற இந்த விளக்கத்த புது டூலுங்க இன்னும் முழுசா தாண்டலங்கறதுதான் என் அபிப்ராயம்.

மூணாவது தினுசுக்கு நிறைய பேர் பலியாகறது வார்னிங்க எல்லாம் எரரா மாத்தற வெர்ரர் ஃப்ளாக்னால. கான்ஃபிகர் ஓட்டும்போதே சிஃப்ளாக்ஸ்ல அத சேத்துட்டா கான்ஃப்டெஸ்ட்ல வர்ற அல்ப வார்னிங் கூட எரர் ஆகி, பாதி செக் நோன்னு வந்து நிக்கும். செக் எல்லாம் முடிஞ்சப்பறம், மேக் ஓட்டும்போது சேருங்க, இல்ல ப்ராஜெக்ட்ல அதுக்குன்னே ஒரு எனேபிள் ஆப்ஷன் வெச்சு செக்குக்கு அப்பறமா ஃப்ளாக்ல சேருங்க. இப்ப கம்பைலரே ஸ்ட்ரிக்ட் ஆயிடுச்சு வேற. 2023ல வந்த க்ளாங் 16, 2024 மே மாசம் வந்த ஜிசிசி 14, ரெண்டும் டிக்ளேர் பண்ணாத ஃபங்ஷன கூப்பிட்டா வார்னிங் இல்ல, நேரா எரர். பழைய கான்ஃபிகர் ஸ்க்ரிப்ட்டுங்கள்ல டெஸ்ட் ப்ரோக்ராமே அலட்சியமா எழுதிருக்கும், எக்ஸிட்ட கூப்பிடும் ஆனா எஸ்டிடிலிப்.ஹெச் இருக்காது, நேத்து வரைக்கும் யெஸ் சொன்ன செக் இன்னிக்கு சத்தமில்லாம நோ சொல்லும். ஹெடர் செக்க விட ஃபங்ஷன் செக்லதான் இது அதிகமா கடிக்கும். ஃபெடோரா, ஜென்டூ மாதிரி லினக்ஸ் டிஸ்ட்ரோ ஆளுங்க எல்லாம் இதுக்காகவே பேக்கேஜ் பேக்கேஜா ஒக்காந்து பேட்ச் போட்டாங்க, அவங்களுக்கு கோயில் கட்டணும்.

ஆட்டோகான்ஃப்கிட்ட எனக்கு நெஜமான கோவம் ஒண்ணு இருக்கு, அது ஸ்பீடு இல்ல, 2.69ங்கற வெர்ஷன். அது 2012ல வந்துச்சு, அடுத்த 2.70 வர எட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல ஜிலிப்சி, அதாவது பெரும்பாலான லினக்ஸ்ல இருக்கற சி லைப்ரரி, மாறிக்கிட்டே இருந்துச்சு. டிவைஸ் நம்பர கையாள்ற மேஜர், மைனர், மேக்டெவ் இந்த மூணும் சிஸ்/டைப்ஸ்.ஹெச் வழியா வந்துக்கிட்டு இருந்தது. 2017ல வந்த ஜிலிப்சி 2.25 "இனிமே சிஸ்/சிஸ்மேக்ரோஸ்.ஹெச்ச நேரா இன்க்ளூட் பண்ணுங்க"ன்னு வார்னிங் குடுக்க ஆரம்பிச்சுது, 2018 ஆகஸ்ட்ல வந்த 2.28ல வழிய முழுசா அடச்சிட்டாங்க. இதுக்குன்னே ஆட்டோகான்ஃப்ல ஏசி_ஹெடர்_மேஜர்னு ஒரு செக் இருக்கு. 2.69ல அது வார்னிங்க கண்டுக்காது, கம்பைல் ஆச்சுல்ல, அப்ப சிஸ்/டைப்ஸ்.ஹெச்சே போதும்னு யெஸ் சொல்லிடும். அதாவது இந்த இடத்துல தப்பு நோ இல்ல, தப்பு யெஸ். அந்த யெஸ்ஸ நம்பி வெர்ரரோட பில்ட் பண்ணினவங்க ப்ராஜெக்ட் எல்லாம் அங்கங்க உடைஞ்சுது. செக்கே வெக்காம சிஸ்/டைப்ஸ்.ஹெச் பாத்துக்கும்னு இருந்தவங்க 2.28ல மாட்டினாங்க. 2.70ல மேக்ரோவ சரி பண்ணிட்டாங்க, ஆனா டார்பால்ல, அதாவது ரிலீஸ் பண்ற சோர்ஸ் கட்டுல, வர்றது ஏற்கெனவே ஜெனரேட் ஆன கான்ஃபிகர் ஸ்க்ரிப்ட், நீங்க உங்க மெஷின்ல ஆட்டோகான்ஃப்ப அப்டேட் பண்ணினா அது மாறாது, ஆட்டோரீகான்ஃப் ஓட்டணும், அது ஓடும்போது இன்னொரு பத்து மேக்ரோ பழசாயிடுச்சுன்னு கத்தும், அத ஒரு ராத்திரி ஒக்காந்து பாக்கணும். 5க்கு 3.

சிமேக். ஹெடர் செக்குக்கு செக்_இன்க்ளூட்_ஃபைல்னு ஒண்ணு, வரிசையா பல ஹெடர சேத்து பாக்கறதுக்கு செக்_இன்க்ளூட்_ஃபைல்ஸ்னு ஒண்ணு, கடைசில ஒரு எஸ் தான் வித்தியாசம். ரெண்டாவதுல சிஸ்/சாக்கெட்.ஹெச், நெட்/இஃப்.ஹெச்னு ஆர்டர்ல குடுத்தா அந்த ஆர்டர்லயே இன்க்ளூட் பண்ணி பாக்கும், ஆட்டோகான்ஃப்போட நாலாவது ஆர்க்யுமென்ட்ட விட இது படிக்க நல்லா இருக்கு, அத ஒத்துக்கணும்.

தொல்லை ஆரம்பிக்கறது கேஷ்ல. செக்கோட பதில் சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி ஃபைல்ல போய் ஒக்காந்துக்கும். ஹெடர் இல்லன்னு வந்துச்சு, சரின்னு டெவ் பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி சிமேக் ஓட்டறீங்க, இன்னமும் நோதான். அதுவும் "நோ"ன்னு வாய் தொறந்து சொல்லாது, அந்த செக் நடந்த மாதிரியே காட்டாது, வேரியபிள் கேஷ்ல இருக்கறதால அந்த வரியவே தாண்டி போயிடும். புதுசா வர்றவங்க பேக்கேஜ் சரியா இன்ஸ்டால் ஆகலன்னு நெனச்சு ரீஇன்ஸ்டால் பண்ணிக்கிட்டு இருப்பாங்க பாவம். யூ ஆப்ஷன் போட்டு ஹேவ்_ல ஆரம்பிக்கற எல்லாத்தையும் கேஷ்ல இருந்து தூக்கலாம், 3.24ல இருந்து ஃப்ரெஷ்னு ஒரு ஆப்ஷன் வந்திருக்கு, அதுக்கு முன்னாடி எல்லாரும் பண்ணினது பில்ட் ஃபோல்டரையே டெலீட் பண்றது.

அடுத்தது இன்க்ளூட் பாத். ப்ராஜெக்ட்ல இன்க்ளூட்_டைரக்டரீஸ் போட்டு பாத் குடுத்திருப்பீங்க, கோட் கம்பைல் ஆகும், ஆனா ஹெடர் செக்குக்கு அந்த பாத் தெரியாது, அதுக்கு தனியா சிமேக்_ரெக்வயர்ட்_இன்க்ளூட்ஸ்ங்கற வேரியபிள செட் பண்ணணும், செக் முடிஞ்சதும் பழையபடி மாத்தணும், மாத்தலன்னா அடுத்த செக்குக்கும் ஒட்டிக்கிட்டு போகும். இத சேவ் பண்ணி திருப்பி எடுக்கறதுக்குன்னே தனி மாட்யூல் இருக்குன்னா பாத்துக்கோங்க. லாகும் ரொம்ப நாள் சிமேக்எரர்.லாக்னு ஒரு குவியலா இருந்தது, 3.26ல இருந்துதான் யாமல் ஃபைலா ஒழுங்கா வருது, எந்த செக், என்ன கோட், என்ன எரர்னு பிரிச்சு இருக்கு, அது நல்ல முன்னேற்றம்.

சிமேக்ன்னு வந்தப்பறம், ஃபைல சுருக்கற எக்ஸ்இசட் டூலுக்குள்ள ஒருத்தர் திருட்டு வழி (பேக்டோர்) வெச்ச விஷயத்த சொல்லாம போக முடியாது. 2024 மார்ச் 29 அன்னிக்கு ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அந்த பேக்டோர வெளிய போட்டாரு, எல்லாரும் பேசினது டார்பால்ல மட்டும் இருந்த எம்4 ஃபைல பத்தி. ஆனா அதே ப்ராஜெக்ட்டோட சிமேக்லிஸ்ட்ஸ் ஃபைல்ல இன்னொரு சின்ன வேல நடந்திருந்துச்சு. ப்ரோக்ராம் எதத் தொடலாம்னு கட்டுப்படுத்தற லினக்ஸோட லேண்ட்லாக் சேண்ட்பாக்ஸ் இருக்கான்னு பாக்கற செக், லினக்ஸ்/லேண்ட்லாக்.ஹெச்சோட இன்னும் ரெண்டு ஹெடர இன்க்ளூட் பண்ணி ஒரு குட்டி ஃபங்ஷன கம்பைல் பண்ணி பாக்கும். அந்த இன்க்ளூட் வரிங்களுக்கும் ஃபங்ஷனுக்கும் நடுவுல ஒரு தனி வரியில ஒரே ஒரு புள்ளி. அவ்ளோதான். அந்த புள்ளி இருக்கறவரைக்கும் அந்த ப்ரோக்ராம் எந்த மெஷின்லயும் கம்பைல் ஆகாது, எங்க ஓட்டினாலும் நோ, சிமேக்ல பில்ட் பண்ணினா சேண்ட்பாக்ஸ் இல்லாத எக்ஸ்இசட் வரும், எரரும் இல்ல வார்னிங்கும் இல்ல. கோட் ரிவ்யூ பண்றவரு கண்ணுக்கு அது ஸ்க்ரீன்ல ஒட்டின தூசி மாதிரிதான் தெரியும். நான் மேல சொன்ன மூணு தினுசோட இத நாலாவதா சேத்துக்கங்க: கேக்கற கேள்வியே ஒடஞ்சிருக்கு. இது சிமேக்கோட தப்பு இல்ல, இதே புள்ளிய ஆட்டோகான்ஃப் செக்லயும் வெக்கலாம், மெசான் செக்லயும் வெக்கலாம். ஆனா எல்லா தினுசு நோவையும் ஒரே மூட்டையா கட்டி நீட்டற பழக்கம்தான் அந்த புள்ளிய வெச்ச ஆளுக்கு ஒளிய எடம் குடுத்துச்சு. 5க்கு 2.5, யாமல் லாக் வந்ததுக்காக அந்த அரை.

மெசான் ஆரம்பிச்சவர் யுஸ்ஸி பக்கானென், ஃபின்லாந்துக்காரர். க்னோம், சிஸ்டம்டி, மேசா எல்லாம் இதுக்கு வந்தாச்சு, போஸ்ட்கிரெஸ் கூட 16வது வெர்ஷன்ல இருந்து ஆட்டோகான்ஃப்போட கூடவே இதையும் வெச்சிருக்கு. எனக்கு இதுல புடிச்சது, ரெண்டு கேள்விக்கும் ரெண்டு பேர் வெச்சிருக்காங்க. ஹேஸ்_ஹெடர்னு கேட்டா ஃபைல் இருக்கான்னு மட்டும் பாக்கும், ப்ரீப்ராசஸரோட நிறுத்திக்கும், வேகமா முடிஞ்சிடும். செக்_ஹெடர்னு கேட்டா நெஜமாவே கம்பைல் பண்ணி பாக்கும், இது 0.47ல வந்துச்சு. ரெண்டையும் ஓட்டி, மொதல்ல யெஸ் ரெண்டாவதுல நோன்னு வந்தா அது ரெண்டாவது தினுசு, முன்னாடி வேற ஹெடர் வேணும்னு அங்கயே தெரிஞ்சிடும். ப்ரீஃபிக்ஸ்னு ஒரு ஆர்க்யுமென்ட்ல அந்த முன்னாடி வரவேண்டிய இன்க்ளூட்ட எழுதிட்டா முடிஞ்சுது. ஆனா டாக்குமென்ட்ட படிக்காம எல்லா எடத்துலயும் ஹேஸ்_ஹெடர் போட்டு வெச்சிருக்கற ப்ராஜெக்ட் எக்கச்சக்கம், அங்க எல்லாம் தப்பு யெஸ் வரும், கான்ஃபிகர் பாஸ் ஆகி கம்பைல்ல உடையும். பரவால்ல, சத்தம் போட்டு உடையறது எனக்கு சம்மதம்.

பாத் விஷயத்துலயும் மெசான்தான் ஒசத்தி. ஜிலிப்சி 2.32ல, 2020ல, இன்னொரு மெஷின்ல இருக்கற ஃபங்ஷன கூப்பிடற சன் ஆர்பிசிய தூக்கிட்டாங்க, ஆர்பிசி/ஆர்பிசி.ஹெச் இப்ப லிப்டிஐஆர்பிசிங்கற தனி லைப்ரரி கூட தனி ஃபோல்டர்ல வருது. மெசான்ல டிபென்டென்சி ஆப்ஜெக்ட்ட எடுத்து செக்குக்கு அப்படியே குடுத்தா பாத்தும் கூடவே போயிடும், எதையும் செட் பண்ணி திருப்பி மாத்தற வேல கெடையாது. கேஷ் இதுலயும் இருக்கு, ஆனா ஸ்க்ரீன்ல நோ பக்கத்துலயே இது கேஷ்ல இருந்து எடுத்ததுன்னு போட்டு காட்டும், அந்த ஒரு வார்த்த எத்தனை பேரோட சாயங்காலத்த காப்பாத்திருக்குன்னு தெரியல. க்ளியர்கேஷ் ஆப்ஷன் போட்டா தொடச்சிடும். கொறைன்னா, லாக் ரொம்ப நீளம், மெசான்-லாக்.டிஎக்ஸ்டில தேட பொறுமை வேணும். பைத்தான் வேணும்ங்கறதால சின்ன எம்பெடட் சிஸ்டத்துக்கு உள்ளயே பில்ட் பண்றவங்க மூஞ்சிய சுளிப்பாங்க. 5க்கு 4.

எந்த டூலா இருந்தாலும் அது காப்பாத்தாத எடம் சிலது இருக்கு. ஒண்ணு, செக்கே வெக்காம லினக்ஸ்னா இந்த ஹெடர் இருக்கும்னு இஃப்டெஃப் லினக்ஸ் போடறது. எக்ஸ்லோகேல்.ஹெச் ஜிலிப்சி 2.26ல போச்சு, சிஸ்/சிஸ்சிடிஎல்.ஹெச் 2.32ல போச்சு, இப்படி எழுதினவங்க எல்லாம் ரெண்டு தடவையும் வரிசையில நின்னாங்க. ஆல்பைன் லினக்ஸ்ல மசல்னு வேற ஒரு சி லைப்ரரி, அங்க எக்ஸெக்இன்ஃபோ.ஹெச் கெடையாது, சிஸ்/க்யூ.ஹெச்சும் மசல்ல வராது, லினக்ஸ்தான் ஆனா ஜிலிப்சி இல்ல. இன்னொண்ணு, ஹெடர் இருந்தா ஃபங்ஷனும் இருக்கும்னு நம்பறது. ஃப்ரீபிஎஸ்டில எக்ஸெக்இன்ஃபோ.ஹெச் இருக்கு, கம்பைலும் ஆகும், லிங்க் பண்ணும்போது எக்ஸெக்இன்ஃபோ லைப்ரரிய தனியா சேக்கலன்னா அங்க உடையும். அதனால ஹெடரையும் பாருங்க, ஃபங்ஷனையும் லிங்க் பண்ணி பாருங்க. அப்பறம் ஸ்பெல்லிங். செக்ல ஒரு பேரு, கோடுல இஃப்டெஃப்ல ஒரு அண்டர்ஸ்கோர் கம்மியா இன்னொரு பேரு, எந்த கம்பைலரும் இத சொல்லாது, டூல் பாட்டுக்கு யெஸ் சொல்லும், கோடு பாட்டுக்கு கண்டுக்காம போகும். க்ரெப் போட்டு ஹேவ்_ பேர எல்லாம் ரெண்டு பக்கமும் எடுத்து ஒப்பிட்டு பாக்கறத தவிர வேற வழி எனக்கு தெரிஞ்சு இல்ல, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானா ஓடற சிஐ டெஸ்ட்ல அத ஒரு ஸ்டெப்பா போட்டுடுங்க.

மெயின்டெய்னருங்களுக்கு ஒரு ரெக்வெஸ்ட். சேண்ட்பாக்ஸ் மாதிரி முக்கியமான ஃபீச்சர ஆட்டோவா கண்டுபுடிச்சு இல்லன்னா சும்மா விட்டுடற மாதிரி வெக்காதீங்க, யூசர் எனேபிள்னு கேட்டிருந்தா ஹெடர் கெடைக்கலன்னதும் கான்ஃபிகர அங்கயே நிறுத்துங்க. மூணு டூல்லயும் இத பண்ணலாம், மெசான்ல ரெக்வயர்ட்னு ஒரு வார்த்த போட்டா போதும். கடைசில எது ஆன், எது ஆஃப்னு ஒரு சம்மரி ப்ரிண்ட் பண்ணுங்க, அந்த பத்து வரிய ஆளுங்க படிப்பாங்க, மேல ஓடற எரநூறு வரிய யாரும் படிக்க மாட்டாங்க. யூசருங்களுக்கும் ஒண்ணு: இஷ்யூ போடும்போது டெர்மினல் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பாதீங்க, கான்ஃபிக்.லாக்கோ, சிமேக்கோட யாமலோ, மெசான் லாகோ, அந்த ஃபைல முழுசா அட்டாச் பண்ணுங்க, எந்த தினுசு நோன்னு அதுலதான் இருக்கு.